படுக்காத கொடிக்கு நான்கு கயிறு

மச்சான்,

உன் கையுறைக்குள் கையை விட்டபோது, காய்ந்த ஹாப்ஸ் பூவொன்று விரலில் நசுங்கியது. அதே பிசுபிசுப்பு, அதே கசந்த மணம். நம் வில்லரேப் பகுதியில் பனி கரைந்துவிட்டது. பின்சந்துப் பக்கம் நம் ஹாப்ஸ் கொடி முளைவிட்டிருக்கிறது. நீ இல்லை என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

பியருக்குக் கசப்புக் கொடுக்கும் கொடி. பியர் ஆலையில் தொட்டி கழுவப் போன நீ, அங்கே ஒருவன் தந்த வேர்த்துண்டைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். பியரை வாயில் வைக்காதவன் நீ.

"கசப்பெண்டா பாவக்காயின்ர சொந்தக்காரன்தானே. பந்தல் போடுவம்."

நானும் தலையாட்டினேன். ஜூலை முதலாம் திகதி, இங்கத்தைய வழக்கப்படி ஊரே வீடு மாறும்போது தெருவில் எறிந்திருந்த கட்டில் சட்டங்களைப் பொறுக்கி வைத்திருந்தோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியவை. நெஞ்சளவு உயரத்தில் அருமையான பந்தல். கொடி அதைக் கணக்கெடுக்கவில்லை. பந்தலைத் தாண்டி மேலே போய், பிடிக்க ஒன்றுமில்லாமல் காற்றில் துழாவியது.

"இவன் படுக்கிற ஆளில்லை மச்சான். ஏறுற ஆள்."

"அப்ப உன்ர பந்தல்?"

"நீ உடுப்புக் காயப்போடு."

பந்தலைப் பிரித்தோம். ஒரு சட்டத்தை நம் மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியில் கட்டி, நான்கு சணல் கயிறுகளை நிலத்தில் அடித்த முளைகளுக்கு இறக்கினோம். நான் மேலே, நீ கீழே. "விடு!" "இழு!" என்று சந்து முழுக்க நம் சத்தம். தளிரை வலமாகச் சுற்றிவிட வேண்டும் என்பதை நீதான் கண்டுபிடித்தாய். "நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், கொடி சைவம். கோயில் சுத்துற மாதிரிச் சுத்தினாத்தான் நிக்கும்."

தொட்டிக்குள் காற்றுச் சரியில்லை என்று ஆலையில் இரண்டு தரம் சொன்னாய். மூன்றாம் தரம் சொன்னால் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். பெப்ரவரியில் இறங்கினாய், ஏறவில்லை. அவர் வேலைக்கு ஆட்களை அனுப்பும் ஏஜென்சியின் ஆள் என்றது ஆலை. இடம் ஆலையுடையது என்றது ஏஜென்சி. அடுத்த திங்கட்கிழமை அதே தொட்டிக்குள் இன்னொரு தமிழனை இறக்கினார்கள். மலர்வளையத்தை மட்டும் இருவரும் சேர்ந்து அனுப்பினார்கள்.

பூப் பறிக்கும்போது கொடியைக் கயிற்றோடு அறுத்துவிடுவதால், ஒவ்வொரு வசந்தத்திலும் புதுக்கயிறு கட்ட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நேற்று உன் கையுறைக்குள் கல்லைப் போட்டுக் கயிற்று நுனியில் கட்டி இறக்கினேன். அது படிக்கட்டுக் கம்பியில் சிக்கியது. மூன்று மாடி இறங்கி எடுத்துவிட்டேன். மறுபடி ஏறினேன். மூன்றாவது கயிற்றை இறக்கும்போது வாய் தன்பாட்டில் "இழு!" என்று கத்தியது. சந்தில் குப்பை வைக்க வந்த பெண் நிமிர்ந்து, "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். நானும் "போன்ஜூர்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

தளிர்களை வலமாகச் சுற்றிவிட்டேன். கடைசி ஒன்றை மட்டும் அவசரத்தில் இடமாகச் சுற்றிவிட்டேன் போல. இன்று காலை அது அவிழ்ந்து தரையில் கிடந்தது.

"சொன்னனான்தானே," என்பாய் நீ. அதைக் கேட்கக் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தேன். பிறகு வலமாகச் சுற்றிவிட்டேன்.