வீட்டுக்கு ஓர் ஆள்

பிராட்டிஸ்லாவா
11 மார்ச் 1996

அன்புள்ள இம்ரிக்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். எதெலா கட்டிக் கொடுத்த கசகசா ரொட்டியில் பாதியை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த சிப்பாய் தின்றுவிட்டான். அவன் பார்த்த பார்வையில் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ஈரக் காலணியோடு அவள் என்னை ரயிலடி வரை கொண்டுவந்து விட்டதற்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. உன் மனைவியிடம் நீயே சொல்லிவிடு.

ஊரில் வீடு வீடாகப் போய் என்ன கேட்டுக்கொண்டிருந்தாய் என்றாய். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. ஐரோப்பாவில் அரசாங்கமும் செய்யாமல், லாபத்துக்காகவும் செய்யாமல், மக்கள் தாங்களே கூடிச் செய்கிற வேலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாட்டில் பாட்டுக் குழுவைக்கூடச் சேர்த்துக்கொள்கிறார்கள். பக்கத்து நாட்டில் மடத்து மருத்துவமனையையே விட்டுவிடுகிறார்கள். அதனால் எங்கள் பல்கலைக்கழகமும் பல நாட்டுக்காரர்களும் கூடி, எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று வைத்திருக்கிறோம். குழுவுக்கு ஓர் அமைப்பு இருக்கிறதா, அரசுக்கு வெளியே நிற்கிறதா, வந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் இருக்கிறதா, தன்னைத் தானே நடத்திக்கொள்கிறதா, ஆட்கள் சொந்த விருப்பத்தில் வருகிறார்களா. இந்த ஐந்துக்கும் ஆம் என்றால் கணக்கில் சேரும்.

எனக்கு இந்த அளவுகோலில் முழு நம்பிக்கை இல்லை. அளவுகோல் இல்லாமல் அளப்பதில் அதைவிடக் குறைவு.

உங்கள் கரைக் காவல் நான்கில் தேறிவிட்டது. கடைசிக் கேள்வியில் நிற்கிறேன். வெள்ளம் வரும்போது மாதாகோயில் மணி அடித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஆற்றங்கரைக்கு வர வேண்டும் என்பது எனக்கே தெரியும். வராத வீட்டை என்ன செய்வீர்கள்? சிறு வயதில் காதில் விழுந்த கதைகளை நான் எழுத முடியாது. காவலின் தலைவன் நீ. உன் கைப்பட எழுதி அனுப்பு.

அன்புடன்
அக்கா வியேரா


யாசெனோவ்கா
24 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

உன் கேள்வியைச் சாராயக் கடையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். செவெரின் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "நம்ம வியேரா இவ்ளோ படிச்சதே இதக் கேக்கத்தானா? வராதவன ஆத்துல போடுவோம்னு எழுதுடா" என்றான். நம் பக்கத்து வீட்டுக்காரனின் வாய்க்கு மட்டும் வயதாகவில்லை.

சரி, தலைவனாகவே எழுதுகிறேன். வராத வீட்டின் வாசல் கதவைக் கழற்றி எடுத்துவிடுவோம். அறுவடைக்கு அந்த வீட்டுக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். அவர்கள் ஊற்றிக் கொடுக்கிற சாராயத்தை யாரும் தொட மாட்டார்கள். மணி அடித்து வராமல் இருந்தவன் இந்த ஊரில் இல்லை. இருக்கவும் விடமாட்டோம்.

எதெலா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறாள். "இப்படியெல்லாம் எழுதாத. அண்ணி அப்படியே நம்பிடுவாங்க. கதவு கழட்டுனது உங்க அப்பா காலத்துல ஒரே தடவ, அதுவும் குடிபோதையில" என்கிறாள். இருக்கட்டும், ஐரோப்பா கொஞ்சம் பயப்படட்டும் என்றேன்.

வளைவுப் பக்கம் கரை இந்த வருஷமும் கசிகிறது. பார்த்துக்கொள்வோம்.

தம்பி
இம்ரிக்


பிராட்டிஸ்லாவா
3 நவம்பர் 1996

அன்புள்ள இம்ரிக்,

உனக்குப் பிடிக்காத செய்தி. கரைக் காவல் கணக்கில் சேரவில்லை. உன் கடிதத்தைக் கூட்டத்தில் வைத்தேன். நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "பயந்து வர்றவங்களத் தொண்டர்னு எப்படிங்க சொல்றது?" நீ மிகைப்படுத்தியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தவன் என் தம்பி என்பதற்காக எழுதியதை அடிக்க முடியாது. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பேன் அல்லவா.

யாரிடம் கேட்டு எழுதினோமோ அவர்களுக்கு அறிக்கையின் பிரதி ஒன்று கொடுப்பது எங்கள் முறை. ஊராட்சிக்கு அனுப்பியிருக்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை. நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நாங்கள் எண்ணாவிட்டால் ஆறு என்ன வேறு பக்கமா திரும்பிவிடும்?

எதெலாவின் இருமல் எப்படி இருக்கிறது? மருந்து தனியே அனுப்பியிருக்கிறேன். உன் அலமாரியில் வைத்து மறந்துவிடாதே.

அக்கா


யாசெனோவ்கா
16 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

படித்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் பாவோல் சபையில் நின்று சத்தமாகவே படித்தார். கட்டாயம் என்று பல்கலைக்கழகமே எழுதிவிட்டதாம், இனி யாரையாவது மிரட்டினால் ஊராட்சிமேல் வழக்கு வருமாம்.

செவெரின் எழுந்தான். அவன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "நாப்பது வருஷம் கம்யூனிஸ்டுக்காரங்க மிரட்டுனாங்க. ஞாயித்துக்கிழமை சங்கு ஊதுனா மண்வெட்டியத் தூக்கிட்டுப் போனோம், அதுக்குப் பேரு தொண்டு. கொடி பிடிச்சோம், அதுக்கும் பேரு தொண்டு. அதெல்லாம் போய்த் தொலஞ்சிதுன்னு பாத்தா, இப்ப இவன் மணி அடிக்கிறான். எவன்டா என்னைய வரச் சொல்றது?"

"ஆறுடா" என்றேன். சிரித்தார்கள், அக்கா. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வருஷா வருஷம் பனிக் கடைசியில் ஒத்திகைக்கு மணி அடிப்போமே, இந்த முறையும் அடித்தேன். ஒரு வண்டியில் ஏற்றிவிடலாம், அவ்வளவு பேர்தான் வந்தார்கள். ஜன்னல்களில் நின்று பார்த்தவர்கள் அதைவிட அதிகம். பனி உருகும் தண்ணீரைச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் கோடை மழைதான். அந்தக் கரையை இத்தனை பேரால் பிடிக்க முடியாது.

நீ பாவோலுக்கு ஒரு வரி எழுத வேண்டும். தம்பி வாய்க்கொழுப்பில் எழுதியது, கட்டாயம் எதுவும் இல்லை, இது ஊர் வழக்கம் என்று எழுது. என் பேர் கெட்டாலும் பரவாயில்லை. உன் முத்திரை இருந்தால் நம்புவார்கள்.

இம்ரிக்


பிராட்டிஸ்லாவா
9 மார்ச் 1997

அன்புள்ள இம்ரிக்,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. அச்சுக்குப் போய்விட்டது என்பது ஒரு காரணம். அதைவிட, ஊரில் நல்லது நடக்க வேண்டும் என்று நான் ஒரு முடிவை மாற்றினால், நாளை இன்னொரு ஊரில் கெட்டது நடக்கவும் ஒருத்தி மாற்றுவாள்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். தண்டனைப் பேச்சை எல்லாரும் கேட்க நீயே விலக்கிவிடு. விருப்பமுள்ளவர்கள் வரட்டும். தங்கள் வீடுகளைக் காப்பாற்ற யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். வரவில்லை என்றால், இத்தனை நாள் எதை நம்பி இருந்தோம் என்பதாவது தெரியும்.

எதெலாவுக்கு என் அன்பு.

வியேரா


பிராட்டிஸ்லாவா
20 ஆகஸ்ட் 1997

அன்புள்ள இம்ரிக்,

அடக்கத்துக்கு வந்தபோது நீ என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உன் பக்கத்தில் நிற்க இடம் இருந்தது, ஆனாலும் பின்வரிசையில்தான் நின்றேன்.

நடந்ததை, அடக்கப் பூசை வைத்த சாமியார்தான் சொன்னார். மழை நிற்காததால் அவரே மணிக்கயிற்றைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தாராம். கரையில் நீங்கள் சிலபேர்தான். நீ மேல்மதகுப் பக்கம் இருந்தாய், எதெலா வளைவில் தனியாக மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள், அங்கேதான் கரை பிளந்தது. கீழ்த்தெருவில் தண்ணீர் புகுந்த பிறகுதான் செவெரின் மண்வெட்டியைத் தேடினானாம். அவள் உடல் கிடைத்த இடத்தைச் சாமியார் சொல்ல வந்தார். நான் தடுத்துவிட்டேன்.

மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் படித்தேன். அதைப் பற்றி நான் எது சொன்னாலும் அது எனக்காகச் சொல்வதாகவே இருக்கும். அதனால் சொல்லவில்லை.

இரண்டு விஷயம் மட்டும் கேட்கிறேன். மிச்சமிருப்பவர்களை வைத்துப் பாவோல் கரைக் காவலைச் சங்கமாகப் பதிவு செய்திருக்கிறார். அது எங்கள் கணக்கின் இரண்டாம் சுற்றுக்காக என் மேசைக்கு வந்திருக்கிறது. எல்லாக் கேள்வியிலும் தேறுகிறது. சேர்க்கவா, விடவா? இந்த ஒரு தடவை நீ சொல்வதைச் செய்கிறேன்.

இன்னொன்று, வழக்கம் வீட்டுக்கு ஓர் ஆள்தானே. நம் வீட்டிலிருந்து நீ போயிருந்தாய். அவள் ஏன் போனாள்? இருமலோடு, அந்த மழையில். யாரைக் கேட்டாலும் தரையைப் பார்க்கிறார்கள்.

வியேரா


யாசெனோவ்கா
14 செப்டம்பர் 1997

வியேராவுக்கு,

சேர்த்துக்கொள். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் சொந்த விருப்பத்தில்தான் வருகிறார்கள். செவெரினும் வருகிறான். முதல் ஆளாக வருகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

எதெலா பேரை மட்டும் அந்தக் கணக்கில் எங்கேயும் எழுதாதே.

அப்பா போனபிறகு வீடு நம் இருவர் பேருக்கும் வந்தது. இரண்டு பங்கு என்றால் கரைக்கு இரண்டு ஆள். அது உனக்குத் தெரிந்திருக்காது, நீ போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து உன் பங்குக்கு அவள்தான் நின்றாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்பாள். சொன்னால் அண்ணி சங்கடப்படுவாங்க, பணம் அனுப்புவாங்க என்பாள்.

அன்றைக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இனிமேல் யாரும் யாரையும் கேட்க முடியாது, அதை அக்காவே எழுதிவிட்டாள், நீ படுத்துக்கொள் என்றேன். அவள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒன்ன எவனும் கேக்கமாட்டான், நீ வேணா இரு. நான் போகலன்னா அண்ணியத்தான் பேசுவானுங்க. படிச்சவ வீட்டுலேர்ந்து ஆள் வரலன்னு."

நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். மேல்மதகு எனக்கு, வளைவு அவளுக்கு. நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

இதோடு பத்திரம் வைத்திருக்கிறேன். உன் பாதியை என் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. சாட்சிக்கு அங்கேயே யாரையாவது பிடித்துக்கொள், இங்கே வர வேண்டாம். இந்த வீட்டில் இனி ஒருவன்தான் இருக்கிறான். உன் பங்குக்கு நிற்க ஆள் இல்லை.

இம்ரிக்