‘ம்’ சொல்ல ஆள் இல்லாத படம்

வல்லம்
8.6.2025

அன்புள்ள சித்ரா அக்காவுக்கு,

அம்சா எழுதுவது. நீயும் அத்தானும் நலமா? இங்கே எல்லோரும் நலம், உன் மேல் எனக்குள்ள கோபம் உட்பட. போனில் பேசலாம்தான். ஆனால் என் போன் இந்த வீட்டுக்கே பொது. யார் எடுப்பார்கள், யார் காதில் விழும் என்று தெரியாது. அதனால் கடிதம். வாராவாரம் விழுப்புரம் வரும் பொன்னியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திண்டிவனம் வகுப்பில் ஊர்ப்பெண்களுக்கெல்லாம் வீடியோ எடுக்கச் சொல்லிக்கொடுத்தாயே, நல்லா சொல்லிக்கொடுத்தாய் போ! ஊர்க் கிணறுகளின் கதையைப் பெரியவர்கள் வாயால் பதிவு செய்யச் சொன்னாய். நம் நிலத்துக் கொல்லிக் கிணற்றுக்கு அப்பாவை விட்டால் யார்? வகுப்பில் கொடுத்த போனை ஸ்டாண்டில் மாட்டி அவர் எதிரில் உட்கார்ந்தேன். விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டே பேசினார். பாறைக்கு வெடி வைத்தது, அம்மா கூடை சுமந்தது எல்லாம் ஜோராக வந்தது.

ஆனால் நீ போட்ட சட்டம் இருக்கிறதே, ‘பேசுகிறவர் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும், நீங்கள் ம் என்றுகூடச் சொல்லக் கூடாது’ என்று? அப்பாவைப் பற்றித் தெரிந்தும் எப்படி அக்கா அதைச் சொன்னாய்? ம் கொட்டாவிட்டால் அந்த மனுஷன் அடுத்த வார்த்தை பேசுவாரா? நான் வாயைத் தைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினேன். அவருக்குத்தான் கண்ணில் புரை, என் தலை எங்கே தெரியும்! முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டார். எந்த இடம் என்று நான் சொல்ல மாட்டேன். போனின் மெமரி கார்டை அனுப்பியிருக்கிறேன், நீயே பார்.

உன் தங்கை,
அம்சா

விழுப்புரம்
13.6.2025

என் அம்சாக் குட்டிக்கு,

பார்த்தேன். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிரான்சிஸ் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு வந்து, “சாப்டியா இல்லியா?” என்று கேட்டபோதுதான் பொழுது போனதே தெரிந்தது.

“தண்ணி கண்ட அன்னிக்குத்தான் பெரிய பாப்பா…” என்கிறார். கையில் உடைக்காத மல்லாட்டை. உன்னைப் பார்க்கிறார். காத்திருக்கிறார். அப்புறம், “என்னாடி, நான் செவுத்தாண்டயா பேசிக்கினு கீறேன்? வுடு,” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார்.

நான் பிரான்சிஸைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ‘எனக்கு ஒரே பொண்ணுதான்’ என்று ஊரெல்லாம் சொன்னவர்டி அவர். அம்மா செத்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாயில் என் பேர் வந்தது. நானே போட்ட சட்டத்தால் பாதியில் நின்றது. உன் ம்-மை வெட்டி எடுப்பது எனக்குப் பெரிய வேலையா? அப்பா சொல்லாமல் விட்டதை எங்கே போய் எடுப்பேன்?

அடுத்த வகுப்பில் அந்தச் சட்டத்தை எடுத்துவிடுகிறேன். நீ இன்னொரு தடவை உட்கார். வாய் நிறைய ம் கொட்டு. விட்ட இடத்தைக் கேள். ஒன்றை மட்டும் மறக்காதே: அவர் பேசி முடித்ததும் சட்டென்று அணைத்துவிடாதே, ஓடவிடு. முடிந்தது என்று நாம் நினைத்த பிறகுதான் நிறைய பேர் மனதில் இருப்பதைச் சொல்கிறார்கள்.

எனக்குச் சொத்து வேண்டாம், சீர் வேண்டாம். ஒரே ஒரு தடவை அந்த வாசலுக்கு வர வேண்டும், அவர் ‘வா’ என்று சொல்லி. அவ்வளவுதான்.

ஆசையுடன்,
அக்கா

வல்லம்
29.6.2025

அக்கா,

திட்டாமல் படி. அப்பாவுக்குப் பக்கவாதம். மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே விழுந்து கிடந்தார். திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, நேற்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. உனக்குச் சொல்ல நினைத்தேன். முருகையன் சித்தப்பா கட்டிலை விட்டு நகரவில்லை. “அவ வந்து நின்னா இருக்கிற உசுரும் பூடும். உங்கப்பன் வாயால வரச் சொல்லட்டும், அப்ப பாக்கலாம்,” என்று சொல்லி, நான் உன்னை வரச் சொல்லக் கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

வாய்தான் போய்விட்டதே அக்கா! ‘ம்’ என்ற ஒரு சத்தம்தான் வருகிறது. நாம் சொல்வது எல்லாம் விளங்குகிறது. சரியென்றால் ம், வேண்டாமென்றால் கண்ணை மூடிக்கொள்கிறார். மாடு கன்று போட்டதைச் சொன்னேன், ம் என்றார். ஊருக்கெல்லாம் கதை சொன்ன மனுஷன் இப்போது ம் கொட்டிக்கொண்டு கிடக்கிறார்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ எழுதி அனுப்பு. சித்தப்பா இல்லாத நேரம் பார்த்துப் படிக்கிறேன். அவர் ம் சொல்வதை வீடியோ எடுத்துச் சித்தப்பா மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறேன்.

அம்சா

விழுப்புரம்
2.7.2025

அம்சா,

கீழே இருப்பதை அப்படியே படி. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன். நடுவில் நீ அழுதுவிடாதே, அவருக்குக் கேட்காமல் போய்விடும்.

அப்பா, பெரிய பாப்பா பேசறேன். உனக்கு ஒடம்பு முடியலன்னு அம்சா சொன்னா. நல்லாயிடும்பா. கொல்லியில மோட்டார் கொட்டாயாண்ட உக்கார வெச்சி எனக்குக் கதை சொல்லுவியே, நாபகம் கீதா? நான் ம் சொல்ல மறந்தா அங்கியே நிறுத்திடுவ. “கேக்கறவளுக்கே அக்கற இல்ல, எனக்கென்னா?”ன்னு எழுந்து மட வுடப் போயிடுவ. நான் பின்னாலயே ம், ம்னு கத்திக்கினு ஓடி வருவேன். இத்தினி வருசமா நீ நிறுத்தன எடத்துலயே நிக்கறேம்பா. உன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவரு என்னை நல்லா வெச்சிக்கினு கீறாரு. உன்னை ஒரு தபா பாக்கணும். நான் வரட்டுமாப்பா?

இவ்வளவுதான். ம் என்றால் உடனே போன் போடு. யார் எடுத்தாலும், யார் காதில் விழுந்தாலும் பரவாயில்லை. பை கட்டி வைத்திருக்கிறேன்.

சித்ரா

வல்லம்
24.7.2025

அக்காவுக்கு,

நேற்று அப்பாவுக்குக் காரியம் முடிந்தது. உன் பேரைக் காரியப் பத்திரிகையில் போடவில்லை. சித்தப்பாவிடம் சண்டை போட்டேன், அப்படியும் அவர் போடவில்லை.

சாவன்று நீயும் அத்தானும் வந்து வாசலுக்கு வெளியே, பந்தல் ஓரம் நின்றீர்கள். என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டாய்: “படிச்சியா? என்னா சொன்னாரு?” நான், “ஒண்ணும் சொல்லலக்கா,” என்றேன். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாய். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் படித்தேன் அக்கா. ஸ்டாண்டில் போனை மாட்டிவிட்டுத்தான் படித்தேன். ‘பெரிய பாப்பா’ என்றதும் ம் என்றார். மோட்டார் கொட்டாய்க்கு ம். கோபம் இல்லை என்றதற்கு ம். அத்தான் உன்னை நன்றாக வைத்திருக்கிறார் என்றதற்குக்கூட ம். ‘வரட்டுமாப்பா?’ என்று படித்தேன். சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது, ம் வரவில்லை. வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான் போன் போடவில்லை. ஆசையாக வந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நீ திரும்பிப் போகக் கூடாது என்று நினைத்தேன். கஞ்சி கொண்டுவர உள்ளே போனேன். மறுநாள் விடிந்ததும் போய்விட்டார்.

இன்று காலை, வகுப்புப் போனைத் திருப்பித் தர வேண்டுமே என்று அதில் இருந்ததையெல்லாம் கார்டில் ஏற்றினேன். நீ சொல்லியிருந்தாயே, அணைக்காதே, ஓடவிடு என்று. ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் எழுந்து போவது தெரிகிறது. அப்புறம் வெறும் அப்பா. கண்ணைத் திறக்கிறார். தலையைத் திருப்ப முடியாமல் திருப்பி, நான் போன பக்கம் பார்க்கிறார். உள்ளே நான் பாத்திரம் உருட்டும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவே, “ம்.” கொஞ்சம் பொறுத்து மறுபடியும், பலமாக, “ம்.” அப்புறம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, “ம்… ம்… ம்…” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அக்கா. நான் கஞ்சியோடு வந்து, “இன்னாப்பா, பசிக்குதா?” என்கிறேன். வாயை இறுக மூடிக்கொள்கிறார்.

பாவி நான், பசி என்று நினைத்தேன்.

கார்டைப் பொன்னியிடம் கொடுத்திருக்கிறேன். நடுவில் நிறுத்தாமல் பார். பாத்திரச் சத்தம் அதிகம், அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள். உன்னை வரச் சொன்னார் அக்கா. அடுப்படியில் இருந்த எனக்குத்தான் கேட்கவில்லை.

அம்சா