பதினோரு நாளும் ஒரு பொத்தான் டப்பாவும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, எனக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் மாதம் என்பதால் கடையில் தலை நிமிர நேரமில்லை. நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்த முறை கேட்கப்போவதில்லை, நீ சுகமாகத்தான் இருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேனே. என் மருமகள் எப்படியிருக்கிறாள், பிறந்து பத்தே நாளான என் பேத்தி எப்படியிருக்கிறாள், அதை எழுது. ஃபோனிலேயே பேசியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நீ குறுக்கே பேசுவாய், தாளில் அது முடியாது, அதனால்தான் கடிதம்.

அன்றைக்குப் பேத்தியைக் காட்டுவதற்கு முன்னால் நீ எனக்கு ஃபிரிட்ஜைக் காட்டினாய். கதவில் ஒரு அட்டவணை, இடது பக்கம் எத்தனை நிமிடம், வலது பக்கம் எத்தனை நிமிடம், மிஷினில் எடுத்தது எத்தனை மில்லி என்று கட்டம் கட்டமாக. அந்தப் பால் எடுக்கிற மிஷினை நாலாம் நாளே வாங்கிவந்து, சீக்கிரம் முடியட்டும் என்று அதன் வேகத் திருகை உச்சத்தில் வைத்தாயாம், அவள் கத்திவிட்டாளாம், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்தானே, எல்லாவற்றிலும் ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினால் மேலே போகும் என்கிற நினைப்பு. அதோடு விட்டாயா, "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்லம்மா, நீ எனக்கு ஒரு வருஷம் பால் கொடுத்தே, ஒரு நாளாவது முகம் சுளிச்சிருப்பியா" என்றாய். அவள் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாய். உனக்குப் பின்னால் சோபாவில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தாள், குழந்தை வாய் வைத்ததும் அவள் கால் விரல் பத்தும் உள்ளே மடங்கின. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ள முடிந்தது, காலை வைத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்திலேயே இருக்கிற நீ பார்க்கவில்லை, இத்தனை தூரத்திலிருந்து நான் பார்த்தேன். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். பெற்ற பிள்ளை என்று பார்க்கிறேன், பக்கத்தில் இருந்திருந்தால் அளவுகோலாலேயே ரெண்டு போட்டிருப்பேன்.

மறுநாள் இங்கே பிரசவ வார்டு நர்ஸம்மா தன் கோட்டுக்கு விளிம்பு மடித்து வாங்கக் கடைக்கு வந்தார்கள். குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி. குழந்தை வாயை நன்றாக அகலத் திறந்து, காம்பை மட்டுமல்ல, சுற்றியிருக்கும் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டுமாம், காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகிவிடுமாம். வாய் வைத்த கொஞ்ச நேரம் சுருக்கென்று இருக்கலாம், முழு நேரமும் வலித்தாலோ வெடித்து ரத்தம் கசிந்தாலோ, "அது பொறுத்துக்கற வலி இல்ல, காட்டவேண்டிய வலி" என்றார்கள். குழந்தை எப்படிப் பிடிக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் உங்கள் ஆஸ்பத்திரியிலும் இருப்பார்கள், நாளைக்கே கூட்டிப்போ. மார்பு ஓரிடத்தில் கல்லாகிச் சிவந்து காய்ச்சல் அடித்தால் நாளைக்கு என்று தள்ளாதே, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மிஷினுக்கு என்ன அவசரம் என்றும் கேட்டார்கள். குழந்தை நன்றாகக் குடித்து எடை ஏறினால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் போகட்டும், அதற்குப் பிறகு அவள் வேலைக்குத் திரும்புகிற நாளைப் பார்த்து ஆரம்பிக்கலாமாம். குழந்தையால் குடிக்க முடியவில்லை, புண் தாங்க முடியவில்லை என்றால் அது வேறு, அப்போது முன்னாலேயே எடுக்கலாம், அதுவும் குறைந்த வேகத்தில், மார்பில் வைக்கிற புனல் அவளுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து. புனலில் அளவு உண்டு என்பதாவது உனக்குத் தெரியுமா? தையல்காரி பெற்ற பிள்ளை, பெட்டியில் வந்ததை அப்படியே மாட்டிவிட்டிருக்கிறாய். எப்போது ஆரம்பிப்பது என்பதை அவள் சொல்லட்டும், வலிப்பது அவள் உடம்பு.

இனிமேல்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை. அன்றைக்கு நீ குழந்தைத் துணி எடுக்க உள்ளே போனபோது அவள் மெதுவாக, "அத்தை, உங்களுக்கு வலிக்கவே இல்லையா" என்று கேட்டாள். நான், "போகப் போகச் சரியாயிடும்மா" என்று மழுப்பிவிட்டேன். உன் மேல் வந்த கோபத்தில் பாதி என் மேல் வரவேண்டியது. கடையில் என் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தான் டப்பா ஞாபகமிருக்கிறதா, சின்ன வயதில் வீடெல்லாம் உருட்டி விளையாடுவாயே, லேபிளைச் சுரண்டியிருக்கும். அது உன் பால்பவுடர் டப்பா. நான் உனக்குப் பால் கொடுத்தது ஒரு வருஷமில்லை, பதினோரு நாள். இரண்டு பக்கமும் வெடித்து, நீ குடித்த வாயில் ரத்தம் பார்த்து நடுங்கிப்போனேன். நீ அழுதால் உன்னைத் தூக்கவே பயந்தேன், பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்படுகிறோமே என்று அதற்கும் ஒரு அழுகை. பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா அந்த டப்பாவை வாங்கிக்கொடுத்தாள். உன் அப்பா பாலம் கட்டும் வேலையில் ஒரு வருஷம் வெளியூரில் இருந்தார், நடுவில் இரண்டு தடவை வந்துபோனார், அப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலில் கொடுத்தேன். அவர் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார், நானும் தலையாட்டினேன், கேட்க நன்றாகத்தான் இருந்தது. டப்பா பாலில் வளர்ந்த உனக்கு ஒரு குறையும் வரவில்லை, வாயைத் தவிர. ஆனால் நான் ஆட்டிய தலைதான் இன்றைக்கு அந்தப் பெண்ணின் வாயை அடைக்கிறது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு நர்ஸம்மாவாவது வந்து குழந்தையை இப்படிப் பிடி என்று காட்டியிருப்பாள், பன்னிரண்டாம் நாளும் கொடுத்திருப்பேனோ என்னவோ.

நேற்றுக் காலை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மனிதர் காப்பியை வைத்துவிட்டுப் பொத்தான் டப்பாவை எடுத்து, ஓரத்தில் மிச்சமிருந்த லேபிளை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லலே" என்றார். "நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா" என்றேன். சாயங்காலம் அவரே கடைக்கு வந்து, நான் சொல்லாமலே, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொடுத்தார், கோணல்மாணலாகத்தான்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு நன்றாக இருங்கள், பேத்திக்கு என் முத்தம். ஃபிரிட்ஜில் இருக்கிற அட்டவணையை இன்றைக்கே கிழித்துப் போடு. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படி, என் பொய் இருக்கிற இடத்தைத் தாண்டிப் போகாதே. அவள் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று சொல்: அத்தைக்கு வலித்தது, ரொம்ப வலித்தது. அப்புறம் அவளிடம், உனக்கு எப்படி வலிக்கிறது என்று கேள், அவள் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
உனக்குப் பதினோரு நாள் பால் கொடுத்த
அம்மா