பதினேழாவது கேள்வி

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது கட்டு வந்துவிட்டது. நூறு மஞ்சள் படிவங்கள், வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு நிரப்பியவை. சிவப்புப் பேனா தீர்ந்துபோய் ஸ்டோர்காரரிடம் கேட்டால், "போன வாரம்தானே குடுத்தேன், மையைக் குடிக்கிறீங்களா?" என்கிறார். என்ன செய்வது, அத்தனை தப்பு. ஒரு பெண்ணுக்கு வயது 3, பிள்ளைகள் 4. பக்கத்தைப் புரட்டினால் பிறந்த வருடம் இருக்கிறது, 34 என்று தெரிகிறது. இப்படிப் படிவத்திலேயே ஆதாரம் இருக்கும் தப்புகளை மட்டும் சிவப்பில் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடலாம். என் வேலை அவ்வளவுதான்.

இயக்குநர் மேடம் கூட்டத்தில் அதே பாட்டு. இதே கேள்விகளை இதே வரிசையில் பல நாடுகளில் கேட்கிறார்கள். எல்லாம் சேர்ந்து உலகப் பெண்களின் நிலை என்று ஒரே அட்டவணை. அதில் எங்களுக்கு ஒரு வரி. போன முறை அந்த வரியில் வன்முறை எண் மிகக் குறைவாக வந்து, "நம் பெண்கள் நலம்" என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மேடம் அதை இன்னும் மறக்கவில்லை. "கொறைவா வந்தா ரெண்டு அர்த்தம் இருக்கு. அடி கொறைவு, இல்லன்னா பேச்சு கொறைவு. எதுன்னு அட்டவணையைப் பாத்து சொல்ல முடியாது" என்றார்.

மார்ச் 5, புதன்

குடைக்காரி நனைந்துகொண்டு வந்தாள். வெயிலில் குடை பிடிப்பாள், மழையில் படிவங்களுக்குப் பிடிப்பாள். எங்கள் கேள்வியாளர்களில் அவளைப் போல வேறு ஆள் இல்லை. பையில் எப்போதும் ஒரு பச்சைப் படிவமும் இருக்கும். மஞ்சளில் அடி, உதை, மிரட்டல் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால், பச்சையை மேலே வைத்து, பிள்ளைக்கு இருமல் எத்தனை நாளாக என்று கேட்க ஆரம்பித்துவிட வேண்டும். பச்சை எந்தக் கணக்கிலும் சேராது. அந்தப் பெண் உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அச்சடித்தது.

மார்ச் 6, வியாழன்

219-ஆம் படிவம்.

பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நான்காவது மாடி. வயது 36. மணமாகிப் பதின்மூன்று வருடம். பெண்கள் இருவர், ஒன்பதும் ஆறும். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறார். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

அந்த வாசலில் எத்தனை முறை செருப்பைக் கழற்றியிருக்கிறேன். அது என் அக்கா வீடு.

தெரிந்த வீடு என்றால் அந்த நொடியே மூடி வைத்து மேடத்திடம் சொல்ல வேண்டும். விதி. மூடவில்லை. பதினேழாவது கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதங்களில் கணவர் உங்களை அடித்ததுண்டா? குறியீடு 2. இல்லை. அதற்கு முன்னால், பின்னால், எல்லாமே 2. கீழே குடைக்காரியின் கையெழுத்தில் குறிப்பு: "பச்சைக்கு மாற்றினேன், இரண்டு தடவை. 17-க்கு முன் நெடுநேரம் பேசவில்லை."

போன வருடம் அக்கா தலை குளிக்கும்போது துண்டு எடுத்துக்கொடுக்கப் போனேன். முதுகைப் பார்த்தேன். "குழாய் இடிச்சுடுச்சுடி" என்றாள். எந்த வீட்டுக் குழாய் முதுகில் அத்தனை இடத்தில் இடிக்கும்? நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது, வேறென்ன.

மார்ச் 7, வெள்ளி

மேடத்திடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

குடைக்காரியை டீக்கு அழைத்து, சுற்றி வளைத்துக் கேட்டேன். பிடி கொடுக்கவில்லை. "எந்த வீட்டுல யாரு என்ன சொன்னாங்கன்னு என் வாயில இருந்து வராது. வந்தா நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல." பிறகு என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, பொதுவாக ஒன்று சொன்னாள். "ஒருத்தங்க எல்லாத்துக்கும் இல்லன்னாங்க. கடைசியில, இதெல்லாம் எத்தன நாட்டுல கேக்கறீங்கன்னாங்க. நெறைய நாட்டுலன்னு சொன்னேன். 'அப்ப எல்லா ஊர்லயும் இருக்கா'ன்னு கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டாங்க."

யாரென்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

மாற்றிவிட்டேன்.

2-ஐ அடித்து 1 போட்டேன். சிவப்பில். ஓரத்தில் என் கையெழுத்து. பார்த்தவுடன் தெரியும் தப்பைத் திருத்தலாம் என்பதுதானே விதி? நான் பார்த்தேன்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! உலகமே பார்க்கப்போற அட்டவணையில அவ நல்லா இருக்கான்னு நான் எப்படி எழுதி அனுப்புவேன்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பு இல்லை, பயம்தான். யாராவது என் மேசைப் பக்கம் வந்தால் கட்டின் மேல் கை போகிறது.

மார்ச் 13, வியாழன்

கணினி அறை அண்ணன் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 219.

"பதினேழுல ஆமான்னு திருத்தியிருக்கீங்க. பதினெட்டு காலியா இருக்கேம்மா. எத்தன தடவன்னு போட்டாத்தான் மெஷின் ஏத்துக்கும். என்ன போடட்டும்?"

எத்தனை தடவை?

எனக்குத் தெரியாது. ஒன்றா? மாதம் ஒன்றா? கையாலா, வேறெதாலா? அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் காலி. அண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு எண்ணைச் சொன்னால் போதும், போய்விடுவார். வாயில் "மூணு" என்று வந்தேவிட்டது. என் அக்கா பட்டதை நான் மேசையில் உட்கார்ந்து மூன்று என்று மதிப்பிடுகிறேன். தூ. பதின்மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இருங்கண்ணே" என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 14, வெள்ளி

மேடத்திடம் சொல்லிவிட்டேன். யார் வீடு என்று அவரும் கேட்கவில்லை, தெரிந்த வீடு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ண மாத்தினது வெளிய தெரிஞ்சா, மிச்சத்தையும் நாமளே எழுதிக்கிட்டோம்னு சொல்லுவாங்க. தைரியமா ஆமான்னு சொன்ன அத்தன பொண்ணுங்களும் பொய்காரிங்க ஆயிடுவாங்க. யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை.

என் திருத்தத்தை அவரே அடித்து, மறுபடி 2 போட்டு, தேதி எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இனி மஞ்சள் என் கைக்கு வராது. வயது, படிப்பு அட்டவணைகள்தான். எழுந்து வரும்போது, "உங்களுக்குத் தெரிஞ்ச அந்த வீட்டுக்கு, படிவம் இல்லாம போகலாம். அதுக்கு விதி எதுவும் இல்ல" என்றார். ஆனால் படிவத்தில் பார்த்ததை மட்டும் சொல்லக் கூடாது.

மார்ச் 16, ஞாயிறு

போனேன். அத்தான் வெளியே போயிருந்தார். குழந்தைகள் மொட்டை மாடியில் விளையாட்டு. அக்கா பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை.

"அக்கா, அன்னைக்கு உன் முதுகு—"

"அது ஆறிப்போச்சு."

"குழாய் இல்லதானே?"

ஊசி நின்றது. வாயைத் திறந்தாள். கீழே படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

"சின்னவளுக்கு இருமல் விடவே மாட்டேங்குது, நாலு நாளாச்சு" என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

யாரும் அச்சடித்துக் கொடுக்காமலே அவளிடம் ஒரு பச்சைப் படிவம் இருக்கிறது. எத்தனை வருடமாக? அத்தான் பழம் வாங்கி வந்திருந்தார், "சாப்பிட்டுப் போம்மா" என்றார். அத்தான் தங்கமானவர் என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். இருமலுக்கு என்ன மருந்து என்று மூவரும் பேசினோம். பழத்தையும் தின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

நான் கிளம்பிய பிறகு அங்கே என்ன நடந்ததோ. போன் செய்தால் அவர் எடுக்கிறார். "துணி காயப்போடறா." நேற்றும் துணி காயப்போட்டாள்.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூட வாசலில் இருந்து, யாரோ ஒரு அம்மாவின் போனில் அக்கா.

"உங்க ஆபீஸ் பொண்ணு ஒருத்தி வந்துட்டுப் போனா. உனக்குத் தெரியுமான்னு நான் கேக்கல. அவ மறுபடி வருவாளா?"

"ஏன்?"

"ஒரு பதில தப்பா சொல்லிட்டேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "வரமாட்டாக்கா. அது முடிஞ்சு போச்சு. மாத்த முடியாது."

பையைத் தோளில் மாட்டினேன்.

"நான் வரேன். அங்கேயே இரு."

"இப்பவா?"

"இப்பவேதான்."

வாசலுக்கு எதிரே கல் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். எத்தனை தடவை என்பதையும் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். மணி அடித்ததும் பிள்ளைகள் இருவரும் பையோடு வந்தார்கள். நாலு பேரும் என் வீட்டுக்கு வந்தோம்.

ஏப்ரல் 2, புதன்

மூன்றாவது முறையாக அத்தான் கீழே வந்து நிற்கிறார். கதவைத் திறக்கவில்லை. அக்கா உள் தாழ்ப்பாளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுப் போய்ப் பெரியவளுக்குப் பின்னல் போட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

அறிக்கை அச்சாகி வந்தது. உலக அட்டவணை நாற்பத்தோராம் பக்கம். எங்கள் எண் இந்த முறையும் குறைவுதான். ஆனால் வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அடியில் மேடம் எழுதிய ஒரு வாக்கியம்: இது சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டுமே.

அக்கா சமையலறை மேசையில் வைத்து விரலை ஓட்டிப் படித்தாள்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?"

"நீயே சொன்னியே, தப்பா சொல்லிட்டேன்னு. இல்லைன்னு சொன்னவங்கள்ல இருப்ப."

நட்சத்திரக் குறியின் மேல் விரலை வைத்தாள்.

"மறுபடி எப்ப கேப்பாங்க?"

"அஞ்சு வருஷம் ஆகும். அதுவும் குலுக்கல்ல நம்ம வீட்டு நம்பர் வரணும்."

"வந்தா நான் பேசறேன்" என்றாள்.