பழைய தண்ணீர் ஊற்றிய செடிகள்

மட்காவ், ஞாயிறு

மங்கம்மாவுக்கு,

என் தடித்த இலைச் செடிகளை நீயும் மகனும் அழுக வைத்துவிட்டீர்கள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

அங்கே கோரமண்டலில், நம் வீட்டில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில், டிரம்மைக் காலி செய்யப் பழைய தண்ணீரையெல்லாம் செடித் தொட்டிகளில் கொட்டியிருக்கிறீர்கள். போனில் கேட்டால் பிரதாப், "செடின்னா தண்ணி ஊத்தாம இன்னாப்பா பண்றது?" என்கிறான். அவை மெதுவாகக் குடிப்பவை. முன்பு என் கையாலேயே மூன்று செடி செத்த பிறகுதான் எனக்கே அது புரிந்தது.

ஒன்றுதான் மிச்சமாம். இங்கே என் வாட்ச்மேன் அறை ஜன்னல் காலியாகக் கிடக்கிறது.

பிரதாப் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தட்டும். யாரும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. நீ இரண்டு இலை கிள்ளி நிழலில் காயவை. இலையிலிருந்தே புதுச்செடி வரும். தபாலில் அனுப்பாதே, நசுங்கும். பிரதாப்பிடமும் கொடுக்காதே. நீயே கொண்டு வா.

பெருமாள்