கரிச்சான் கூட்டைக் காட்டிய அமைச்சன் விடுத்த ஓலை

மழை பொய்யாமலும் மதில் சரியாமலும் வாழ்க வெண்குன்றக் கோட்டம்! அக்கோட்டம் புரக்கும் வேங்கைமார்பர் திருமுன்னர், ஆம்பல்வேலி அமைச்சன் கொற்றங்கீரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை.

தங்கள் தங்கையார், எங்கள் அரசி நீலமணியார் நலமே. நலம் என்று எழுதும்போதே அமைச்சனுக்குக் கை கூசுகிறது.

மன்னர் திண்தேரரையர் எல்லைப் போரினின்று மீண்ட எட்டாம் திங்களில் குமாரர் பிறந்ததைத் தாங்கள் அறிவீர்கள். குறைமாதப் பிள்ளை என்றாள் மருத்துவிச்சி, மன்னரும் நம்பினார். ஐந்தாண்டு கழித்து, இளவரசுப் பட்டத்துக்கு நாள் பார்க்கும் வேளையில், எவரோ ஓதிய நஞ்சு அவர் காதில் ஏறிவிட்டது.

அவர் மனத்தை ஆற்றவே அமைச்சன் அவரை நாள்தோறும் தோட்டத்துக்கு அழைத்துப்போய், மாமரப் பொந்தில் கூடுகட்டிய குண்டுக்கரிச்சானைக் காட்டினான். ஆண்பறவை பேடையை விட்டு இரண்டு முழம் அகலவில்லை. பேடை பறந்தால் தானும் பறந்தது. விடியலில் உச்சிக்கிளை ஏறிப் பாடி அயலானை எச்சரித்தது. முட்டை பொரிந்தபின் நான்கு குஞ்சுகளுக்கும் ஒன்றுபோல் புழு ஊட்டியது. எந்தக் குஞ்சு எவருடையது என்று அது கேட்கவில்லை என அமைச்சன் விண்ணப்பித்தான். பெரிய அறிவாளி என்ற நினைப்பு அவனுக்கு!

மன்னரோ வேறொன்றைப் பார்த்திருந்தார். ஆண்பறவை எல்லை வேம்பில் ஒரு பகைவனோடு பொருதுகொண்டிருந்த நேரத்தில், இன்னொன்று ஓசையின்றி மாமரத்துக்கு வந்துபோனதாம். தாமும் அன்று எல்லையில்தான் பொருதுகொண்டிருந்ததாக மன்னர் அருளினார்.

சினம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பதில் குமாரர் தந்தையாரையே உரித்து வைத்திருக்கிறார் என்று அமைச்சன் மன்றாடினான். குஞ்சும் வளர்த்தவன் பாட்டைக் கேட்டுத்தான் பாடும், அது சான்றாகாது என்று மன்னர் வாயை அடைத்துவிட்டார். அந்தப் பாடத்தையும் தோட்டத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் இந்தப் பாவியே.

அரசியார் குமாரரின் உடைகளை மடித்துப் பேழையில் வைத்தார்.

ஆதலின் ஆணையாவது: பட்டம் நின்றது. வளர்பிறை ஏழாம் நாள் முற்பகல், தாங்கள் பல்லக்கோடு நொச்சியாற்றுத் துறைக்கு வந்து இருவரையும் ஏற்றுக்கொள்க. மீண்டும் இக்கரைக்கு அனுப்பாதிருக்க. மாமன் வீட்டு விருந்து என்றே குமாரரிடம் சொல்லியிருக்கிறோம். தந்தையார் எப்போது அழைக்க வருவார் என்று கேட்பார். அதற்கு விடை எழுத அமைச்சனுக்கு ஆணையில்லை.

மன்னர் தம் கையாலேயே ஆம்பல் முத்திரை பொறித்த ஓலை இது; இதில் கண்டவாறே நிறைவேற்றுக. பொறிக்கும்போது மன்னர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.