கையுறை பிழிந்த தண்ணீர்

ஹேக்கெட்ஸ் ஹார்பர்,
நியூஃபவுண்ட்லாந்து.
ஜூலை, ஞாயிறு மாலை.

அன்புத் தம்பி செல்பிக்கு,

அக்கா எஃபி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் இடது தோள் மட்டும் சுகமில்லை; அது என்றைக்குமே நம் குடும்பத்தோடு ஒத்துப்போனதில்லை. நீ அந்த அல்பெர்ட்டா வேலை முகாமில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சீட்டாட்டத்தில் அதிகம் தோற்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரை எடுத்தால் உடனே உன் பக்கம் லைன் போய்விடுகிறது. முகாமில் சிக்னல் சரியில்லை என்கிறாய். நான் மீன் விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் மட்டும் அந்த சிக்னல் பாறை மாதிரி நிற்கிறது. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நாளைக்கு நம் ஊர் லியாண்டர் அங்கே வேலைக்குக் கிளம்புகிறான். உப்பு மீன் பெட்டிக்கு அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். முதலில் கடிதம், அப்புறம் மீன்.

உன் ஒயினிலிருந்து தொடங்குகிறேன். மகள் ரோண்டா கல்யாணத்துக்கென்று ஒயின் காய்ச்சும் சாமான் பெட்டி வாங்கி, வாளியில் திராட்சைச் சாற்றை ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, மறுநாளே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நீ ஓடினாய் அல்லவா? பூட்டிய வீட்டில் அது கிடந்து பொங்கியது. நான் தினம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மூடியில் செருகிய குழல் வழியாக அது குமிழ் விடும் சத்தம், பாதிரியார் பிரசங்கத்தில் உன் தங்கமான மச்சான் குறட்டை விடுவது போலவே இருந்தது. என் புருஷனைத்தான் சொல்கிறேன். நாற்றத்தைக் கேட்காதே. பக்கத்து வீட்டு வெரா பெல்லி ஜன்னலில் மூக்கை வைத்து, "எஃபி, உள்ள எதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டாள். கல்யாண விருந்து தயாராகிறது என்றேன். "அப்ப நான் வீட்டுலயே சாப்பிட்டு வந்துடறேன்" என்று போய்விட்டாள்.

பெட்டியோடு வந்த தாளில், வாளியிலிருப்பதைப் பெரிய கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. வாளி மேலே, ஜாடி கீழே இருந்தால்தான் குழாயில் இறங்கும். நீயோ மகா புத்திசாலி, அடுப்புக்குப் பின்னால் தரையில் வாளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதை மேசைமேல் தூக்க என் தோள் ஒப்புக்கொள்ளவில்லை. என் புருஷனுக்கு முதுகு. ஊர் ஆண்களில் பாதிப் பேர் கடலில் நண்டுக்கூடையோடு, மீதிப் பேர் உன்னோடு அல்பெர்ட்டாவில். கரையில் மிச்சமிருந்தது ஒரே ஆள்.

செல்பி, கடிதத்தைக் கசக்காதே. ஆமாம், ஹெட்லி அண்ணனைத்தான் கூப்பிட்டேன்.

வந்தான். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றான். "செல்பி என்னைக் கால் வெக்காதேன்னு சொல்லியிருக்கான்டி."

"அவன் ஷெட்டுக்குத்தான் சொன்னான், வீட்டுக்கு இல்ல. நான் அப்ப அங்கதான் நின்னேன்" என்றேன். சட்டப்படி அது சரி என்று ஒப்புக்கொண்டு செருப்பைத் துடைத்துவிட்டு வந்தான்.

அன்றைக்கு அவன் பேசியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊரே உன் ஷெட்டில் அடைந்து கிடக்கும்போது, நீ முதன்முதலாகக் காய்ச்சிய பீரை வாயில் வைத்துவிட்டு, "கையுறையப் பிழிஞ்ச தண்ணிடா இது, அதுவும் காட் மீன் அறுத்த கையுறை" என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? அதிலும் அந்தப் பேர் உன்மேல் ஒட்டிக்கொண்டது. கடைக்காரன்கூட "கையுறை வந்தாச்சா?" என்று கேட்கிறான். இரண்டு வருஷம் நீங்கள் இருவரும் பேசாமல் இருந்தது நியாயம்தான். ஆனால் ஒன்று, தம்பி, அந்த பீரை நானும் குடித்தேன். மேற்கொண்டு சொல்ல மாட்டேன்.

வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நாற்காலி உயரம் வரை வந்ததும் அண்ணன் "வை, வை" என்றான். வைத்தோம். அவன் உட்கார்ந்துவிட்டான். படகு எஞ்சினைத் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு துறையில் ஏறியவன். "கிழவனாயிட்டே" என்று கேலி செய்தேன். "நீ மட்டும் குமரியாக்கும்" என்றான். மறுபடி தூக்கி மேசையில் ஏற்றினோம். குழாயில் வாய் வைத்து உறிஞ்சும் வேலை எனக்கு. எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மடக்கு உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் பாடியதாக வெரா பெல்லி ஊரெல்லாம் சொல்கிறாள். நம்பாதே. முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.

நேற்று சனிக்கிழமை அடுத்த வேலை. பொட்டலப் பொடியைப் போட்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்வரை நன்றாகக் கலக்கச் சொல்லியிருந்தது. நன்றாக என்றால் எவ்வளவு என்று போடவில்லை. நான் ரொட்டி மாவு பிசையும் வேகத்தில் கலக்கினேன். ஜாடியின் கழுத்து வழியாக ஒயின் எரிமலை மாதிரி கிளம்பி, உத்தரத்தில் அடித்து, ஜன்னல் பக்கம் சாய்ந்தது. உன் ஜாய்ஸ், பாவம் அவள் ஆத்மா சாந்தியடையட்டும், கைப்படத் தைத்த வெள்ளைத் திரை இப்போது ரோஜா நிறம். மூன்று தடவை வெளுத்துவிட்டேன். என் சமையல் உடுப்பும் அதே நிறம் என்பதால் நானும் திரையும் ஒரு ஜோடியாக இருக்கிறோம். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்புறம் ருசி பார்த்தோம். நான் முதலில் குடித்தேன். சொன்னால் கோபிக்காதே, இன்னும் பச்சையாக, புளித்த இருமல் மருந்து மாதிரி இருக்கிறது. இருக்க இருக்கச் சரியாகும் என்று தாளில் போட்டிருக்கிறது. அண்ணன் என்ன சொல்லப்போகிறானோ, கையுறையோ காலுறையோ என்று காத்திருந்தேன். அவன் நிதானமாக ஒரு வாய் குடித்து, "நல்லாருக்கு" என்றான்.

ஹெட்லி! அம்மா செய்த கேக்கையே குறை சொன்ன ஆள்!

எனக்குக் குறும்பு வந்தது. உன் அலமாரியில் போன கிறிஸ்துமஸுக்கு வாங்கின ஸ்ட்ராபெரி சர்பத் இருந்தது. தண்ணீர் கலந்து அதே மாதிரி கிளாஸில் ஊற்றி, இது ஜாடியின் அடியிலிருந்து எடுத்தது, பார்த்துச் சொல் என்று நீட்டினேன். குழந்தைகள் குடிக்கிற சர்பத், செல்பி. நாக்கில் பட்டாலே பல் கூசும். அவன் குடித்தான். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இது இன்னும் கொஞ்சம் காட்டம். பரவால்ல, பய கத்துக்கிட்டான். நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றான்.

நான் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தேன். அது அப்படியே நின்றுவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான், கிளாஸைப் பார்த்தான், புரிந்துகொண்டான். சன்னமாக, "என்னடி ஊத்தினே?" என்றான். சொன்னேன். "அப்படியா" என்று மிச்சத்தையும் குடித்துவிட்டு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு என்னிடம் சிலது சொன்னான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். "முக்கியமா அவன்கிட்ட சொல்லாதே. பாவம் பார்த்துக் கூப்பிட்டதா இருக்கக் கூடாது" என்றான். என்னிடம் போய் ரகசியம் சொன்னான் பார், இந்த ஊருக்கு ரேடியோ வராத காலத்தில் ரேடியோவாக இருந்தவளே நான்தான்! ஆனால் ஒரு முழு நாளாக என் புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. அந்த மனுஷன் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்.

அதனால் உன்னிடமும் எதுவும் சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அண்ணன் வாராவாரம் திங்கட்கிழமை விடியற்காலையில் செயின்ட் ஜான்ஸுக்கு டிரக்கை எடுத்துக்கொண்டு போகிறான், வெள்ளிக்கிழமை இரவு திரும்புகிறான். அங்கே ஏதோ கட்டட வேலை என்று கேட்பவர்களிடம் சொல்கிறான். பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான் இருக்கிறது, அதுவும் ஊருக்கே தெரியும். இந்த வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருக்கிறான். இன்றைக்கு நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் உப்பிறைச்சியைத் தொடவில்லை, காய் வேகவைத்த தண்ணீரை மட்டும் கோப்பையில் வாங்கிக் குடித்தான். பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறான். இதையெல்லாம் வெரா பெல்லியே ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள். என் சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

கிளம்பும்போது ரோண்டாவின் கல்யாணத் தேதி என்ன என்று கேட்டான். வேலியில் உட்காரும் காக்காய்க்கும் தெரிந்த தேதி. அழைப்பு வந்ததா என்று நான் கேட்கவில்லை, வரவில்லை என்று அவனும் சொல்லவில்லை. உன் மகளைக் கேட்டேன். "பெரியப்பா பேர் எழுதின உறை என்கிட்டேயே இருக்கு அத்தை, அப்பா ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்கே போட்டுடுவேன்" என்றாள். ஒரு வார்த்தை, தம்பி. குமிழ் விடுகிற நேரம்கூட ஆகாது.

தாளில் இன்னொன்றும் போட்டிருக்கிறது: பாட்டிலில் அடைத்து ஒரு வருஷம் வைத்தால் இந்த ஒயின் அருமையாக இருக்குமாம். இருக்கட்டும். நாம் ஆகஸ்டில் கல்யாணத்தன்றே குடித்துவிடுவோம்.

நீ வருவதற்கு முன்பே பாட்டிலில் அடைக்க வேண்டும். நான் பிடிப்பேன், கார்க்கை அழுத்த ஒரு கை வேண்டும். சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டில் இருப்பான். போன் பண்ணு. உடம்பு எப்படி என்று கேட்டுவிடாதே, நான் உளறியது தெரிந்துபோகும். குரல் கம்மியிருக்கும், அதையும் கேட்காதே. கார்க் அடிக்க ஆளில்லை, நீதான் வரணும் என்று சொல். கல்யாணத்தன்று என் பக்கத்தில்தான் உட்காரணும் என்று சொல். பழைய சண்டையை எடுத்து இரண்டு திட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, அவனுக்கு அது மருந்து. அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளாதே.

கடவுள் உன்னை முழுசாகவும் சீக்கிரமாகவும் வீட்டுக்குக் கொண்டுவரட்டும்.

உன்மேல் உயிராக இருக்கும் அக்கா,
எஃபி